இரண்டாவதாக எழுதப்பட்ட பெயர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காக எழுதித் தரப்பட்டது)



பரிசளிப்பு விழா என்றால் திருவள்ளுவரைப் பற்றிப் பேசலாம், காந்தியடிகளைப் பற்றிப் பேசலாம். நான் சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "பள்ளிக்கூட மேடையிலே சினிமாவா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாத்தா பாட்டிமார்களுக்கு நான் யாரைச் சொல்லப் போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். பிள்ளைகளே, உங்களுக்குத்தான் தெரியாது. விசுவநாதன் - ராமமூர்த்தி. மெல்லிசை மன்னர்கள் என்று பேர் வாங்கிய இரட்டையர்கள்.

இந்த இரண்டு பெயரும் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் ஒலித்த மாதிரி வேறு எந்தப் பெயர் ஒலித்திருக்கிறது? சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், லூனாஸ் என்று எந்தப் பக்கம் போனாலும், அந்தக் காலத்தில் லயத்துக்கு ஒரு வீட்டிலாவது வானொலிப் பெட்டி இருக்கும். வேலை முடிந்து வந்து, குளித்து, திண்ணையில் உட்காருகிற நேரத்தில் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்லுவார், பாடியவரைச் சொல்லுவார், அப்புறம் "இசை விசுவநாதன் ராமமூர்த்தி" என்பார். ஒரே மூச்சில் சொல்லுவார். அது ஒரு ஆளின் பெயர் என்றே நினைத்துக் கொண்டிருந்தவர்கள் தோட்டத்தில் உண்டு. அப்படி நினைத்ததில் தப்பே இல்லை என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

முதலில் ராமமூர்த்தி. 1922ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். பரம்பரையாக வயலின் வாசித்த குடும்பம். பாட்டனார் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை வயலினில் புகழ் பெற்ற வித்துவான். பேரப்பிள்ளைக்குச் சங்கீதம் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது.

விசுவநாதன் கதை நேர்மாறு. 1928இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்தார். நாலு வயதில் தகப்பனார் போய்விட்டார். தாத்தாவின் ஆதரவில் வளர்ந்தார். பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டார். பிறகு ஜூபிடர் பிக்சர்ஸ் படக் கம்பெனியில் சேர்ந்து, எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே, எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்று நின்று தொழிலைப் படித்தார். அந்தக் குருவுக்கு வயதான காலத்தில், சிஷ்யனே தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த இருவரும் சந்தித்தது சி.ஆர். சுப்பராமன் என்ற இசையமைப்பாளரின் குழுவில். ஒருவர் கையில் வயலின், ஒருவர் கையில் ஆர்மோனியம். 1952இல் சுப்பராமன் திடீரென்று காலமானார். அவர் பாதியில் விட்டுப் போன படங்களை யார் முடிப்பது? குழுவில் இருந்த இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் வடக்கே சங்கர் - ஜெய்கிஷன் என்ற இரட்டையர்கள் 1949இல் வந்த 'பர்சாத்' இந்திப் படத்திலிருந்து கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். நாமும் அதுபோலச் சேர்ந்து செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் தாம் இயக்கிய 'பணம்' படத்தை அதே 1952இல் அவர்கள் கையில் கொடுத்தார்.

இப்போதுதான் கவனிக்க வேண்டிய இடம். இரண்டு பேர் சேர்ந்து தொழில் செய்தால் பெயர்ப் பலகையில் யார் பேர் முதலில்? அண்ணன் தம்பி கடை வைத்தாலே இதில் சண்டை வந்துவிடும். ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். அனுபவத்திலும் மூத்தவர். நியாயப்படி அவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். ஆனால் விசுவநாதன் பெயர் முதலில் வந்தது. இளையவன் முன்னால் நிற்கட்டும், அவன் விழாமல் பார்த்துக்கொள்ள மூத்தவன் பின்னால் நிற்கட்டும் என்பது கலைவாணரின் யோசனை என்று சொல்வார்கள். ராமமூர்த்தி ஒத்துக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுகள் இரண்டாவது பெயராகவே இருந்தார்.

அந்தப் பதின்மூன்று ஆண்டில் என்ன நடந்தது? பட்டியல் போட்டால் மேடையில் இடம் போதாது. 1959இல் 'பாகப்பிரிவினை'. 1961ஆம் ஆண்டு ஒன்றிலேயே 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்'. 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'ஆலயமணி', 'போலீஸ்காரன் மகள்'. 'பாசமலர்' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய தோழியர் பாட்டு இல்லாமல் நம் ஊரில் அந்தக் காலத்துக் கல்யாணம் ஏது? பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது அதுதானே ஒலிபெருக்கியில் ஓடும்!

1964ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு 'கர்ணன்' வந்தது. புராணப் படம். ராகத்தில் தோய்ந்த பாட்டுக்கள், வட இந்திய வாத்தியங்களின் ஒலி. கடைசியில் சீர்காழி கோவிந்தராஜன் சக்கரவாக ராகத்தில் பாடும்போது, படம் பார்த்த திடலில் அழாத ஆளைக் காட்டுங்கள். அதே ஆண்டு, அதே இருவர் இசையில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. முழுக்க முழுக்கத் துள்ளல், மேல்நாட்டுத் தாளம். ஒரு கையில் குருக்ஷேத்திரம், இன்னொரு கையில் கொண்டாட்டம்!

"கர்நாடக சங்கீதம் வருகிற இடமெல்லாம் ராமமூர்த்தி, துள்ளல் வருகிற இடமெல்லாம் விசுவநாதன்" என்று சிலர் சுலபமாகப் பங்கு பிரித்துவிடுவார்கள். காது கொடுத்துக் கேட்டால் அந்தக் கணக்கு நிற்காது. சோகப் பாட்டின் நடுவே ஒரு மேல்நாட்டுக் கருவி வந்து நெஞ்சைப் பிடிக்கும். துள்ளல் பாட்டின் அடியில் வயலின்கள் ராகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடும். மெட்டு எங்கே முடிகிறது, வாத்தியம் எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைத்து அறுக்க முடியாது. 1963இல் சென்னையில் நடந்த விழாவில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் பட்டம் சூட்டியபோதும் 'மெல்லிசை மன்னர்கள்' என்று ஒரே பட்டமாகத்தான் சூட்டினார். முதல் மன்னர், இரண்டாம் மன்னர் என்று இல்லை.

இது தோட்டத்து மக்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. பால்மரம் சீவிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், நிரைக்குப் போவார்கள். புருஷன் மரம் வெட்டிக்கொண்டே முன்னால் போவார். மனைவி கோட்டுப்பால் உருவி, மங்கைத் துடைத்து வைத்துக்கொண்டு போவார். சில வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் போய் ஒரு கை கொடுத்துவிட்டு வரும். கடைசியில் பால் நிறுக்கிற இடத்தில் கிராணி ஒரு பேரில் எழுதுவார். அந்த வாளிப் பாலில் எது அப்பா வெட்டியது, எது அம்மா சேர்த்தது, எது பிள்ளை தூக்கி வந்தது என்று சொல்ல முடியுமா? எழுதினது ஒரு பேர். உழைத்தது எத்தனை பேர்! இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் பாட்டிமார் அப்படிப் பேர் எழுதப்படாமல் உழைத்தவர்கள்தாம்.

சரி, கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். பிள்ளைகளிடம் நல்லதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது சரியில்லை. 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை', 'வெண்ணிற ஆடை', 'ஆயிரத்தில் ஒருவன்' என்று புகழின் உச்சியில் இருந்தபோது இரட்டையர்கள் பிரிந்தார்கள். ஏன் என்று பல கதை சொல்வார்கள். அதைக் கிளறுவது நம் வேலை இல்லை. பாகப்பிரிவினைக்குப் பாட்டுப் போட்டவர்களுக்கே பாகப்பிரிவினை வந்துவிட்டது.

பிரிந்த பிறகு விசுவநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். தமிழ்நாட்டு அரசு 1970இல் ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்துக்கு இசை தந்தவரும் அவரே. ராமமூர்த்திக்கு அப்படி அமையவில்லை. 'சாது மிரண்டால்', 'தேன்மழை', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச்சுரங்கம்' என்று நல்ல படங்கள் செய்தார். இன்றும் கேட்டால் இனிக்கிற பாட்டுக்கள் அவற்றில் உண்டு. ஆனாலும் எண்ணிக்கை இருபதைத் தொடவில்லை. வருஷங்கள் போகப் போக வானொலியிலே அவர் பெயர் பழைய பாட்டு வரும்போது மட்டும், அதுவும் இரண்டாவதாக மட்டும் ஒலித்தது.

"பார்த்தீங்களா, பின்னால் நின்றவர் பின்னாலேயே போய்விட்டார். விட்டுக்கொடுத்து என்ன கண்டார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகம் முதல் பேரைத்தான் முதலில் கூப்பிடுகிறது. அதை மறைத்துப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் வேறொன்றையும் பாருங்கள். ராமமூர்த்தி தம் பெயரை முன்னால் போட வேண்டும் என்று 1952இல் பிடிவாதம் பிடித்திருந்தால், அந்தக் கூட்டே பிறந்திருக்குமா? கூட்டு இல்லையென்றால் 'பாசமலர்' ஏது, 'கர்ணன்' ஏது? நம் தோட்டத்துச் சனங்களின் மாலை நேரத்துக்கு ஆறுதல் ஏது? அவர் விட்டுக்கொடுத்தது ஒரு வரிசை எண். அதனால் கிடைத்தது நமக்கெல்லாம் ஒரு காலம்.

கதை அங்கேயும் முடியவில்லை. முப்பது வருஷம் கழித்து, 1995இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். படம் பெரிசா, பாட்டு பெரிசா என்பது வேறு. அந்த வயதில், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஒரே ஆர்மோனியத்தின் முன்னால் மறுபடி உட்காருவதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும்! 2012 ஆகஸ்டில் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் ஒரே மேடையில் 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் வழங்கினார். அவர் நாயகியாக அறிமுகமான முதல் தமிழ்ப் படமான 'வெண்ணிற ஆடை'க்கு இசை தந்தவர்களே இவர்கள்தாம். மறு ஆண்டு, 2013 ஏப்ரலில், ராமமூர்த்தி தொண்ணூறு வயதில் காலமானார். 2015 ஜூலையில் விசுவநாதனும் மறைந்தார். மூத்தவர் போன இரண்டு வருஷத்தில் இளையவரும் போய்விட்டார்.

மாணவச் செல்வங்களே, இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் தெரியுமா? இன்னும் சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் பெயர்களைப் படிக்கப் போகிறார்கள். முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார் என்று. சிலர் பெயர் வரவே வராது. பெயர் வராத பிள்ளைகளின் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவைத் தேடும்.

முதல் பரிசு வாங்குகிற பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன். உன் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. கணக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணனோ அக்காவோ, நோட்டுப் புத்தகம் இரவல் கொடுத்த தோழனோ, விடிய எழுந்து சோறு கட்டிக்கொடுத்த அம்மாவோ, யாரோ இருக்கிறார்கள். கோப்பையைக் கையில் வாங்கியதும் அவர்களை ஒருமுறை திரும்பிப் பார்.

இரண்டாவதாகப் பெயர் வருகிற பிள்ளைக்கும், பெயரே வராத பிள்ளைக்கும் ஒன்று சொல்கிறேன். உன் வேலையை ஒழுங்காகச் செய். வயலின் வாசிக்கிற இடத்தில் வயலினைச் சுத்தமாக வாசி. பெயர் எந்த வரிசையில் எழுதப்பட்டது என்பதைப் பாட்டு பார்ப்பதில்லை. சுருதி சேர்ந்ததா என்பதைத்தான் பார்க்கும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையிடம், "ஏன்டா, அவன் வாங்கினானே, நீ வாங்கலியே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இன்னைக்கு யாருக்கு நீ உதவி செஞ்சே?" என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி இந்த நாட்டில் நிலைத்து நிற்பது முதல் பேர்களால் மட்டும் அல்ல. கொட்டகை போட்டவர், நாற்காலி அடுக்கியவர், சம்பளத்தில் ஐந்து வெள்ளி கொடுத்தவர் என்று எந்த மலரிலும் பெயர் வராதவர்களால் நிற்கிறது. அவர்களில் யாராவது ஒருவர் நம்முடைய பெயர் எங்கே என்று கேட்டு ஒதுங்கியிருந்தால், இந்தக் கட்டடம் இருந்திருக்காது.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, இந்த இரட்டையர்களின் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பாட்டு ஓடும்போது எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க முயற்சி செய்யுங்கள். உங்களால் முடியாது. முடியாமல் போவதுதான் அவர்களுடைய வெற்றி.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குக் கை தட்டப் போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.