நீரின் பெயரால் ஒரு பாலை

பாலைக்குத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் குன்றித் தம் இயல்பு திரியும்போதே அது தோன்றுகிறது என்பது தமிழ் மரபு. இவ்வுண்மையைக் கண்ணெதிரே காட்டும் சாலை ஒன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உண்டு. பர் டிரெயில் என்பது அதன் பெயர். போல்டர் என்னும் சிற்றூரில் தொடங்கிப் பவல் நீர்த்தேக்கத்தை அடுத்த புல்ஃபிராக் வரை ஏறத்தாழ 67 மைல் நீள்வது அது.

போல்டரை நீங்கிச் செல்வோரை முதலில் லாங் கான்யன் பள்ளத்தாக்கின் செம்பாறைச் சுவர்கள் இருபுறமும் நெருக்குகின்றன. அதைக் கடந்தால், ஏறக்குறைய 100 மைல் நீளத்திற்கு மண்ணுலகின் மேலோடே மடிந்து எழுந்த நெடும்பாறைத் தொடர் எதிர்ப்படுகிறது. அதன் கிழக்கு முகத்தில் சாலை அரை மைலுக்குள் 800 அடி இறங்குகிறது. கொண்டையூசி வளைவுகளில் வண்டி ஊர்ந்துதான் செல்லவேண்டும்.

இப்பாறைத் தொடரின் பெயர் 'நீர்க்குழி மடிப்பு' எனப் பொருள்படும். பாறைக் குழிகளில் தேங்கும் சிறிதளவு மழைநீரே அப்பெயரை ஈந்தது. வழிக்குப் பெயர் தந்த ஜான் அட்லாண்டிக் பர், 1846இல் அட்லாண்டிக் கடலில் கப்பலிலேயே பிறந்தவர்; குளிர்கால, கோடைகால மேய்ச்சல் நிலங்களுக்கிடையே மாடுகளை ஓட்டிச் சென்றவர். இங்குள்ள நவாஹோ மணற்பாறை, பண்டைய மணல்மேடுகள் இறுகியது; மடிப்பின் கிழக்கே உள்ள அடுக்குகளிலோ கடற்சிப்பிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. மணல் கடலாயிற்று, கடல் மீண்டும் பாலையாயிற்று. திரிதல் ஒருமுறை நிகழ்ந்து ஓய்வதன்று.

இவ்வழியைச் செப்பனிடுவது குறித்து 1980களில் பெருவழக்கு எழுந்தது. வாழ்வுக்குச் சாலை வேண்டும் என்றது மாவட்ட நிருவாகம். காட்டின் தனிமை குலையும் என்றனர் இயற்கைக் காவலர். 1988இல் மேல்முறையீட்டு மன்றமும் தீர்ப்புரைத்தது. சாலையின் மேற்குப் பகுதி தார் பூசப்பட்டது. கேப்பிடல் ரீஃப் தேசியப் பூங்காவினுள் மண்வழி எஞ்சியது. ஆயினும், மழை பெய்தால் களிமண் வழுக்கி அவ்வழி அடைபடும். அன்று அங்கே தீர்ப்பளிப்பது நீரே.

பாலைத்திணைப் பாட்டில் பிரிந்து சென்றவரே நெஞ்சமெல்லாம் நிறைந்திருப்பார். அந்நிலத்திலும் அவ்வாறே: இல்லாத நீரே எங்கும் நிறைந்திருக்கிறது. பாலையைப் பாட முனையும் கவிஞர் வறட்சியை மட்டும் அடுக்கினால் போதாது. அங்கிருந்து நீங்கிய ஒன்றின் சுவட்டையும் காண வேண்டும்.