கீழ்த்தளத்தில் தண்ணீர் கசிகிறதா? உள்ளே அடைப்பதா, வெளியே தோண்டுவதா?

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே சென்னையின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே புலம்பல்தான்: "சார், கீழ் பார்க்கிங்ல சுவர்லேர்ந்து தண்ணி வருது!" போன வருஷம்தானே பூசினோம் என்று சங்கக் கூட்டத்தில் சண்டையும் வரும். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் பணத்தைப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

சுவருக்கு வெளியே 1 மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால், அதன் அடிமட்டத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 1 டன் அழுத்தம் இருக்கும். உள்ளே அடித்த சாதாரண பெயிண்டை அது கொப்புளமாகத் தள்ளிவிடும்.

முதலில் ஒரு சின்ன சோதனை. சுவரைத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்க. இரண்டு நாள் கழித்துப் பாருங்க. தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால், சுவர் வழியாக வருகிறது. முன்னால் ஈரம் என்றால், அது காற்றின் ஈரம், காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

உள்பக்க முறை: விரிசலில் துளையிட்டு பாலியூரித்தேன் ஏற்றலாம், அல்லது சுவரோரம் வாய்க்கால் வெட்டி, குழியில் சேரும் நீரை மோட்டாரால் வெளியேற்றலாம். செலவு குறைவு. ஆனால் சுவர் நனைந்தே இருக்கும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கலாம். கரன்ட் போனால் மோட்டாரும் நின்றுவிடும்.

வெளிப்பக்க முறை: அஸ்திவாரம் வரை தோண்டி, சுவரில் தார் ஷீட் ஒட்டி, அடியில் துளையிட்ட குழாயும் ஜல்லியும் போட்டு மூடுவது. தண்ணீர் சுவருக்குள் இறங்காது. செலவு அதிகம். பக்கத்து வீடு ஒட்டியிருந்தால் தோண்டுவது ஆபத்து. மழைக்காலத்தில் மண் சரியும். கோடையில், பொறியாளர் மேற்பார்வையில் மட்டும் செய்யுங்கள்.

ஒன்றிரண்டு விரிசல்தான் என்றால் உள்பக்கம் போதும். சுவர் முழுக்க ஓதம், சுற்றிலும் இடம் இருக்கிறது என்றால் வெளிப்பக்கம். எதற்கும் முன்னால், மாடியிலிருந்து வரும் குழாயும் மழைநீர் சேகரிப்புக் குழியும் சுவரை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதை மாற்றினாலே சில வீடுகளில் கசிவு நின்றுவிடும்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்று, மீட்டர் பெட்டியும் அங்கேயே இருந்தால், காலை வைக்காதீங்க. மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே மண் ஊறியிருக்கும்போது உள்ளே உள்ள தண்ணீரை ஒரேயடியாக இறைக்காதீங்க. சுவர் உள்ளே சாயலாம். கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் சண்டைக்கு முன்னால் அந்தப் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள்.