வகுப்புக்கு ஒரு வரலாற்று நூல்
(சங்கத்தின் மாணவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒரு வேலை தருவார்: ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து மதிப்புரை எழுத வேண்டும். நம் முன்னோரைப் பற்றிய நூலை எடுக்கலாமே என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் நம்மைப் புகழும் நூலைத் தேடாதீர்கள். சான்று காட்டிப் பேசும் நூலைத் தேடுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

நூலுக்கு முன்னால் கேள்வியை முடிவு செய்யுங்கள். ஓர் ஊரில் நம்மவர் எப்படி வேரூன்றினார்கள் என்பது கேள்வியானால், கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட 'தி சூலியா இன் பினாங்' இருக்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நடுவில் வைத்து எழுதப்பட்டது. வங்கக் கடலைக் கடந்து வந்த மக்கள் அனைவரையும் அறிய வேண்டுமானால், சுனில் அம்ரித் 2013இல் எழுதிய 'கிராசிங் த பே ஆஃப் பெங்கால்' உண்டு. இலக்கியம் எப்படிக் கடல் கடந்தது என்று கேட்டால், ரோனித் ரிச்சியின் 'இஸ்லாம் டிரான்ஸ்லேட்டட்' (2011). ஒரே அரபு நூல் தமிழில் 1572இல் 'ஆயிர மசலா'வாகவும், மலாயிலும் ஜாவா மொழியிலும் வேறு வடிவங்களாகவும் ஆனதை அது ஒப்பிடுகிறது.

எடுத்த நூலின் முன்னுரையையும் கடைசிப் பக்கங்களிலுள்ள சான்றுக் குறிப்புகளையும் முதலில் புரட்டுங்கள். எங்கிருந்து செய்தி எடுத்தார் என்று சொல்லாத நூலை அப்படியே வைத்துவிடுங்கள்.

அடுத்து மதிப்புரை. பத்துப் பக்கத்தில் ஒன்பது பக்கம் கதைச் சுருக்கம் எழுதினால் அது மதிப்புரை ஆகாது. மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, ஏன் இந்த ஆண்டுகள்? பினாங்கு நூலின் தலைப்பிலேயே 1786 முதல் 1957 வரை என்று இருக்கிறது. 1786 பிரான்சிஸ் லைட் தீவுக்கு வந்த ஆண்டு. 1957 மலாயா விடுதலை பெற்ற ஆண்டு. ஆனால் லைட் வருவதற்கு முன்பே சூலியா வணிகர்கள் கெடாவில் இருந்தார்கள். அந்தத் தொடர்பை ஆசிரியர் எப்படிக் கையாள்கிறார் என்று பாருங்கள்.

இரண்டாவது, யார் எழுதி வைத்த ஆவணம்? காலனி ஆட்சியின் நீதிமன்றக் கோப்புகளில் வழக்காடியவர்கள் இருப்பார்கள். சண்டையின்றி வாழ்ந்தவர்கள் இருக்க மாட்டார்கள். கோப்புகளை மட்டும் நம்பினால் நாம் ஓயாமல் சண்டையிட்ட கூட்டமாகத் தெரிவோம். அதனால்தான் 1887இல் மகுதூம் சாயபு சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசன்' போன்ற தமிழ் இதழ்கள் நமக்குப் பொக்கிஷம். அதில் நம்மவர் தங்கள் மொழியில் பேசுகிறார்கள்.

மூன்றாவது, யாரைக் காணோம்? வணிகரும் பள்ளிவாசல் கட்டியவரும் பக்கம் பக்கமாக வருவார்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து, தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் எத்தனை நூல்களில் வருகிறார்கள்?

"நம் சமூகத்தைப் பற்றிய நூலில் நாமே குறை சொல்லலாமா?" என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகச் சொல்லலாம். நல்லதை நல்லதென்று சொல்லி, விடுபட்டதைச் சான்றோடு காட்டுவது நூலாசிரியருக்குச் செய்யும் மரியாதை. அடுத்து எழுத வருபவருக்கு அது வழிகாட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெண்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "சான்று கிடைக்கவில்லை" என்றே பதில் வரும். சான்று நம் வீட்டுப் பெட்டியில்தான் கிடக்கிறது. ஊரிலிருந்து வந்த கடிதம், அரபுத்தமிழில் எழுதிய கணக்குக் குறிப்பு, கப்பல் டிக்கெட், நிக்காஹ் அழைப்பிதழ். வீடு மாறும்போது இவையெல்லாம் குப்பைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் வரலாறு படிக்கும் பிள்ளையிடம் ஒருமுறை காட்டுங்கள். மூத்தவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து இதே ஊரில் ஒரு மாணவி நம்மைப் பற்றிய நூலைத் தேடுவாள். அவளுக்கு நல்ல நூல் கிடைப்பது இன்று நாம் எதைப் பாதுகாக்கிறோம் என்பதைப் பொறுத்தது.