பாவசங்கீர்த்தனமும் தாய்மொழியும்

கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருட்சாதனங்களில் ஒன்று பாவசங்கீர்த்தனம். இன்றைய வழிபாட்டு நூல்களில் இது ஒப்புரவு அருட்சாதனம் என்று வழங்குகிறது. வ. புதுப்பட்டி போன்ற தென்மாவட்ட ஊர்களில் வயது முதிர்ந்தோர் வாயில் பழைய பெயரே நிற்கிறது. ஞானஸ்நானம் பெற்ற பின் செய்த பாவங்களை ஒருவர் குருவிடம் வாய்விட்டுச் சொல்லி, மனம் வருந்தி, பாவப்பொறுத்தல் பெறுவது இதன் சாரம். உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை அவர்களுக்குத் தந்ததாக யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் கூறுகிறது. திருச்சபை இதற்கு ஆதாரமாகக் காட்டுவது அந்தப் பகுதியையே. மன்னிப்பவர் கடவுள், குரு அவர் பெயரால் அந்த மன்னிப்பை வழங்குபவர்.

இந்தச் சாதனம் தொடக்கம் முதல் இதே வடிவில் இருந்ததில்லை. முதல் நூற்றாண்டுகளில் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்ற பெரும் பாவங்களுக்குச் சபையார் அறிய நெடுநாள் தவம் செய்ய வேண்டியிருந்தது. அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. அதற்கு அஞ்சிப் பலர் சாகும் தறுவாய் வரை தள்ளிப்போட்டார்கள். குருவிடம் தனியே சொல்வதும், வேண்டும்போதெல்லாம் திரும்பச் செய்வதும் ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவிகளால் ஐரோப்பாவில் பரவியவை. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. சாவான பாவங்களை இன்னது, இத்தனை முறை என்று சொல்ல வேண்டும் என்பதை 1551 நவம்பர் 25 அன்று திரிதெந்தீன் சங்கம் வரையறுத்தது.

அந்த வரையறை வெளிவந்த காலத்தில் முத்துக்குளித்துறையில் பரதவர் ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழாக்கச் செய்து ஊர் ஊராக மனப்பாடம் செய்வித்தார். செபத்தை மனப்பாடம் செய்துவிடலாம், பாவசங்கீர்த்தனத்தை முடியாது. சொல்பவர் தம் செயலைத் தம் சொற்களில் சொல்ல வேண்டும், கேட்பவருக்கு அது புரிய வேண்டும். இடையில் துபாஷி ஒருவர் அமர்ந்தால் இரகசியம் மூன்றாம் காதுக்குப் போகிறது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த கடற்கரைச் சிற்றூரில் இது சிறிய சங்கடமன்று.

இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் 1547இல் இக்கரைக்கு வந்த போர்த்துக்கேய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ். இரண்டொரு ஆண்டுகளில் துபாஷி இல்லாமலே மக்களுடன் பேசத் தேர்ந்தார். போர்த்துக்கேய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற நூல்களின் வரிசையில், 1580இல் கொச்சியிலேயே பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்றை அச்சிட்டார். நெடுங்காலம் தொலைந்துபோனதாக எண்ணப்பட்ட அந்நூலின் படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பது பற்றிய கட்டுரை 1982இல் வெளிவந்தது. தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சாதாரண மனிதர் தம் நடத்தையைத் தாமே விசாரித்துக்கொள்ளத் தமிழில் அச்சான முதல் நூல் என்ற வகையில் இதற்கு உரிய இடம் அதைவிடப் பெரிது.

உள்நாட்டில், 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய மறைப்பணியில் நிலைமை வேறு. குருக்கள் சிலர், ஊர்கள் பல. சாமியார் வரும் நாளுக்கு முன்பே மக்களை ஆத்தும சோதனை செய்யவும் மனஸ்தாபப்படவும் ஆயத்தம் செய்தவர்கள் உபதேசியார்கள். அவர்களுக்காகவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார்.

பழைய ஞானோபதேசம் ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவங்களை வெளிப்படுத்தல், அபராதம் தீர்த்தல் என ஐந்து காரியங்களைக் கேட்கும். வெளிப்படுத்தல் இவற்றுள் நான்காவது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற எண்ணம் கத்தோலிக்கர் அல்லாதவரிடம் மட்டுமல்ல, கத்தோலிக்கரிடமும் உண்டு. வருத்தம் இல்லாத வாய்மொழிக்கு மன்னிப்பு இல்லை. பிறருக்குச் செய்த நட்டத்தையும் முடிந்தவரை ஈடுசெய்தாக வேண்டும். வரப்பைத் தள்ளிப்போட்டவர், பருத்தி எடையில் குறைத்தவர், நூற்பாலைக் கூலியில் கைவைத்தவர் ஆகியோர் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லிக் கடன் தீர்ந்ததாகக் கொள்ள முடியாது. எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும். அவதூறு இன்னும் கடினம். பறித்த நற்பெயரை மீட்டுத் தரும் கடமையும் அதைப் பறித்தவரையே சாரும்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எவரிடமும் எக்காரணத்தாலும் வெளியிடக் கூடாது. நேரடியாக மீறுகிறவர் அக்கணமே திருச்சபை விலக்கத்துக்கு உள்ளாகிறார். அதை நீக்கும் உரிமை திருப்பீடத்துக்கே உண்டு. அறிந்ததை வைத்து, சொன்னவருக்குப் பாதகமாக நடந்துகொள்வதும் தடை. இந்தச் சாதனத்தின் மதிப்பு முழுவதும் இந்த மறைகாப்பில்தான் நிற்கிறது. 2018இல் கேரளத்தில், கத்தோலிக்கம் அல்லாத ஒரு சபையின் குருக்கள் சிலர் ஒரு பெண்ணின் பாவசங்கீர்த்தனத்தை வைத்து அவரை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதையொட்டி, இவ்வழக்கத்தையே நீக்க வேண்டும் என்று தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரைக்க, கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர். பரிந்துரை மிகையானது, அதன் பின்னிருந்த அச்சம் அப்படியன்று. மறைகாப்பு சொல்பவருக்கான பாதுகாப்பு. அதைத் தம் அதிகாரமாக மாற்றிக்கொள்ளும் குருவுக்குத் திருச்சபைச் சட்டமே கடும் தண்டனை வைத்திருக்கிறது.

1973 டிசம்பரில் வெளிவந்த புதிய சடங்குமுறை, தட்டிக்குப் பின்னிருந்து சொல்வதோடு குருவின் முகம் பார்த்துப் பேசவும் வழி செய்தது. தவக்காலத்தில் அண்டைப் பங்குகளின் குருக்களை வரவழைத்து ஒரே நாளில் பலருக்கும் வாய்ப்பளிக்கும் வழக்கமும் பங்குகளில் உண்டு. தினமும் முகம் பார்க்கும் பங்குச்சாமியாரைவிட வெளியூர்ச் சாமியாரிடம் வாய் எளிதில் திறக்கிறது. பொதுவில் கூடி வழங்கும் பாவப்பொறுத்தல் மரண ஆபத்து போன்ற அரிய சூழலுக்கு மட்டுமே உரியது. பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 20 அன்று, அதற்கான விதிகளைத் திருப்பீடம் நினைவூட்டியது: குருவை அணுக முடியாதவர், கடவுள்மேல் கொண்ட அன்பால் எழும் உத்தம மனஸ்தாபத்தாலேயே மன்னிப்புப் பெறலாம், ஆனால் வாய்ப்புக் கிடைத்ததும் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதி அவருக்கு இருக்க வேண்டும். பொதுப் பாவப்பொறுத்தல் பெற்றவரும் தம் சாவான பாவங்களைப் பின்னர்த் தனியே சொல்லியாக வேண்டும்.