அரசிலையும் ஆலிலையும்



ஆண்டு விழா மேடையில் மொழியின் பழம்பெருமையைப் பேசுவது நம் வழக்கம். இன்று அதனைச் சற்றே நிறுத்திவைத்து, நாம் செய்த ஒரு பிழையைச் சொல்லித் தொடங்க விரும்புகிறோம்.

இத்தேவராவில் நாம் நடத்தும் ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுவன், நாய் துரத்திய கதையைக் கட்டுரையாக எழுதினான். "அவன் ஆலிலை போல் நடுங்கினான்" என்றொரு தொடர் அதில் இருந்தது. இது தமிழ் மரபன்று, மலையாள வழக்கின் பெயர்ப்பு என்று கருதிச் சிவப்பு மையால் அடித்துவிட்டோம். சிறுவன் முகம் வாடிற்று. வீடு திரும்பும் வழியெல்லாம் அம்முகம் நம்மை விட்டு அகலவில்லை. நாம் அடித்தது பிழையையா, அவன் கண்ட காட்சியையா? இவ்வினாவிற்கு விடை தேடியபோது, நெடுந்தொலைவிலுள்ள செக் மொழி நமக்குத் துணை செய்தது.

அளவின்றி மது அருந்துபவனைச் செக் மக்கள் "வானவில்லைப் போல் குடிக்கிறான்" என்பர். அயர்ந்து உறங்குபவன் கொண்டலாத்தியைப் போல் உறங்குகிறானாம். வாய் திறவாதவன் நுரையைப் போல் மௌனமாயிருக்கிறானாம். ஐயத்திற்கு இடமில்லாத செய்தி, கன்னத்தில் விழுந்த அறையைப் போல் தெளிவானதாம். வழுக்கைத் தலைக்கோ முழங்காலே உவமை!

கேட்டவுடன் நமக்கு நகைப்பு வருகிறது. ஆயின் வினை, பயன், மெய், உரு என்று உவமையை நான்காக வகுத்த தொல்காப்பியர் கண்கொண்டு நோக்கினால் நகைப்பு வியப்பாக மாறும். முழங்கால் வடிவு பற்றி வந்தமையால் மெய்யுவமம். வானவில், தொழில் பற்றி வந்தமையால் வினையுவமம். வானவில் ஆற்றிலும் ஏரியிலும் வாய் வைத்து நீரை உறிஞ்சும் என்பது அந்நாட்டின் பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை அறிந்தபின் உவமையின் விசித்திரம் மறைந்து, அழகு நிற்கிறது.

அவர்கள் நடுங்குபவனை "ஓசிகா மரம் போல் நடுங்குகிறான்" என்கின்றனர். ஆங்கிலத்தில் ஆஸ்பென் எனப்படும் இனம் அது. அதன் இலைக்காம்பு நீண்டு தட்டையாயிருப்பதால் மென்காற்றிலும் இலைகள் படபடக்கும். இதனைப் படித்தபோதுதான் நம் சிறுவனின் ஆலிலை நினைவிற்கு வந்தது. நம் ஆலமரத்தின் இலை தடித்தது; எளிதில் நடுங்காது. ஆனால் மலையாளத்தார் அரசமரத்தை அரயால் என்பர். நீண்ட காம்புடைய அரசிலையோ, காற்று இருப்பதை நாம் உணருமுன்னரே அசையத் தொடங்கிவிடும். சிறுவன் கண்ட காட்சி மெய். மொழி மாறியபோது மரம் மாறிவிட்டது, அவ்வளவே. தொடரை அடிக்காமல் "அரசிலை போல்" என்று திருத்தியிருந்தால், அதுவன்றோ ஆசிரியர் தொழில்!

அன்பர்களே, உவமை ஊர் விட்டு ஊர் செல்வது புதிதன்று. முதலைக் கண்ணீர் என்று நாமும் சொல்கிறோம், மலையாளத்தாரும் சொல்கின்றனர், செக் மக்களும் சொல்கின்றனர். மேனாட்டிலிருந்து பெயர்ப்பின் வழியே வந்தது அது என்று எவருக்கும் இன்று தோன்றுவதில்லை. ஆயின் ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத நம் வழக்கை அது பின்னுக்குத் தள்ளிவிட்டதையும் மறத்தலாகாது. வரவு வைத்த நாளிலேயே செலவும் நேர்ந்திருக்கிறது.

மொழிபெயர்ப்பு இக்கொச்சிக்கும் பழைய உறவு. 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, 1579 இல், இதே கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சேறியது. போர்த்துகீசிய மொழியிலிருந்து அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய நூல் அது. அதே 1579 இல், செக் மொழியின் உரைநடைக்கு நெடுங்காலம் அளவுகோலாய் நின்ற கிராலிசு விவிலியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே ஆண்டில் ஒரே பணியில் ஈடுபட்டிருந்தன.

அதன்பின் செக் மொழிக்குத் தாழ்வு வந்தது. 1620 இல் நிகழ்ந்த வெள்ளைமலைப் போருக்குப் பின் ஆட்சியிலும் உயர்கல்வியிலும் ஜெர்மன் ஓங்கியது. செக் மொழி பெரும்பாலும் சிற்றூர்களிலும் எளியோர் இல்லங்களிலும் வாழ்ந்தது. அதனை மீட்டெழச் செய்தவருள் ஒருவர் யோசெப் யுங்மன். அவர் 1811 இல் மில்டனின் சுவர்க்க நீக்கத்தைச் செக் மொழியில் தந்தார். நீண்ட உவமைகளுக்குப் பேர்போன அக்காவியத்தைத் தாங்கப் புழக்கத்திலிருந்த சொற்கள் போதவில்லை. பழஞ்சொற்களை மீட்டார், போலிஷ், ரஷ்ய மொழிகளில் கடன் பெற்றார். பிற்பாடு ஐந்து தொகுதிகளாக அகராதியும் இயற்றி 1839 இல் முடித்தார். அயலிலிருந்து பெற்றதனால் அம்மொழி அழியவில்லை, நிமிர்ந்து நின்றது.

நம் உவமைகளும் அங்கே சென்றுள்ளன. 1927 இல் பிராகாவில் பிறந்து 2009 இல் மறைந்த கமில் சுவெலபில், சங்க அகப்பாடல்களையும் சிலப்பதிகாரத்தையும் செக் மொழியில் பெயர்த்தவர். குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்து, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் என்னும் அவருடைய உவமையே பெயராகிச் செம்புலப்பெயனீரார் என நின்றது நாம் அறிந்ததே. பெயர் அழிந்தும் உவமை அழியவில்லை. இத்தகைய செல்வத்தை ஓர் அயலார் விரும்பிக் கற்றுத் தம் மக்களுக்குக் கொண்டு சென்றார்.

நம் இல்லங்களில் நடப்பது யாது? அதே வகுப்பில் "இலவு காத்த கிளி" என்றால் என்னவென்று கேட்டோம். கூறுவார் ஒருவருமில்லை. மலையாள உவமையை அச்சிறுவன் கொணர்ந்தது நமக்கு இழப்பன்று. நம் உவமையை அவனுக்கு நாம் கொடாததே இழப்பு. இலவமரம் இந்நாட்டிலும் உண்டு. கனியுமென்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சு பறப்பதை ஒருமுறை காட்டினால் குழந்தை வாழ்நாளெல்லாம் மறவாது. காட்டாமல் மனப்பாடம் செய்வித்தால், வானவில் குடிப்பது நமக்கு எப்படியோ, அப்படியே அதுவும் அவர்களுக்கு அயலாகிப் போகும்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, நாளொன்றுக்கு ஓர் உவமையை அதன் காரணத்தோடு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் தெருவிலிருந்து ஒன்று கொணர்ந்தால் அதனையும் செவிமடுத்துக் கேளுங்கள். நாமும் அடுத்த ஞாயிறன்று அச்சிறுவனின் ஏட்டைத் திரும்ப வாங்கி, அடித்த கோட்டின் மேலே "அரசிலை" என்று எழுதி, அதன்கீழ் "நன்று" என்றும் எழுதப் போகிறோம்.

வாழ்க தமிழ்.