அம்மாவே ஆசிரியர் ஆனால், அம்மா யார்?



"அவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லையாம். வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறார்களாம்" என்று யாராவது சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் வியப்பு தோன்றும். அடுத்து சந்தேகம் வரும். "பள்ளியில் ஏதும் பிரச்சினையா? பிள்ளைக்கு உடம்புக்கு ஏதுமா?" என்று விசாரிப்பார்கள். அந்தப் பெற்றோர் கத்தோலிக்கர்களாக இருந்துவிட்டால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். "இத்தனை கான்வென்ட் பள்ளிகள் இருக்கும்போது வீட்டில் எதற்கு?"

நியாயமான கேள்விதான். சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப் கல்விக்கூடம் 1852ஆம் ஆண்டிலும், ஹோலி இன்ஃபண்ட் ஜீசஸ் கான்வென்ட் 1854ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. அருட்சகோதரர்களும் அருட்சகோதரிகளும் கடல் கடந்து வந்து பள்ளி நடத்திய ஊர் இது. எனவே பெரும்பாலான கத்தோலிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வார இறுதியில் பங்குக் கோயிலின் மறைக்கல்வி வகுப்புக்கும் அனுப்புகின்றன. வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலரின் அனுபவம் எல்லாப் பெற்றோருக்கும் பயன்படக்கூடியது. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பு.

திருச்சபை சொல்வது என்ன?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. பிள்ளைக்கு உயிர் கொடுத்த பெற்றோரே அதன் முதல் ஆசிரியர்கள், முதன்மையான ஆசிரியர்கள் என்று அது கூறுகிறது. அந்தக் கடமையில் பெற்றோர் தவறினால் அதை வேறு எவராலும் எளிதில் ஈடுசெய்ய முடியாது என்றும் எச்சரிக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பள்ளியே வேண்டாம் என்று திருச்சபை சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கவே பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. அதற்கு வழியில்லாவிட்டால், பள்ளிக்கு வெளியே அக்கல்வி கிடைக்கப் பெற்றோர் ஆவன செய்ய வேண்டும் என்கிறது. பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் வீட்டைத் தேர்ந்தெடுத்தாலும் பொறுப்பு பெற்றோரிடமே இருக்கிறது.

இந்த உரிமைக்காக நீதிமன்றம் வரை போனவர்கள் அமெரிக்காவின் கன்னியர்கள். 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்கே போக வேண்டும் என்று 1922ஆம் ஆண்டில் ஆரிகன் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது நடப்புக்கு வந்திருந்தால் கன்னியர் நடத்திய பள்ளிகள் மூடப்பட்டிருக்கும். அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1925ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பிள்ளை அரசாங்கத்தின் உடைமை அன்று, அதன் கல்வியை வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். பள்ளியைக் காப்பாற்றப் பெற்ற அந்தத் தீர்ப்பையே, பிற்காலத்தில் வீட்டில் கற்பிக்க விரும்பிய பெற்றோரும் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

1960களில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் படித்தார்கள். பிறகு கற்பிக்கும் கன்னியர்கள் குறைந்தார்கள், கட்டணம் கூடியது, பல பள்ளிகள் மூடப்பட்டன. அந்த இடைவெளியில்தான் கத்தோலிக்க வீட்டுக் கல்வி வளர்ந்தது. வர்ஜீனியாவின் சீட்டன், கலிஃபோர்னியாவின் கோல்பே போன்ற நிறுவனங்கள் வீட்டுக்கே பாடத்திட்டம் அனுப்பத் தொடங்கின. 1993ஆம் ஆண்டுக்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுவிட்டது.

அமெரிக்கக் கல்வித் துறை 2016ஆம் ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பில், வீட்டுக் கல்விக்கு எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் எது என்று பெற்றோரிடம் கேட்கப்பட்டது. சமயக் கல்வி என்றவர்கள் 16 விழுக்காடு. பள்ளிச் சூழல் பற்றிய கவலை என்றவர்கள் 34 விழுக்காடு. பாதுகாப்பு, போதைப்பொருள், கூடாத நட்பு, இவைதான் அந்தக் கவலை. பிள்ளையின் படிப்பைவிடப் பிள்ளையின் நலனே அவர்கள் மனத்தில் முன்னால் நிற்கிறது.

சிங்கப்பூரின் நிபந்தனை

சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறி, 2003ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. நாட்டில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள், 6 வயதைத் தாண்டி 15 வயதை எட்டாதவர்கள், தேசியத் தொடக்கப்பள்ளியில் படித்தாக வேண்டும். வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும். பாடத்திட்டம், கற்பிப்பவரின் கல்வித் தகுதி ஆகியவற்றைக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் பிள்ளையின் முன்னேற்றம் பற்றி அறிக்கை தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளை பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. அதே ஆண்டில் நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதும் மாணவர்களில் 100 பேரைத் தேர்ச்சி வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 33ஆவது இடத்தில் நிற்பவரின் அளவையாவது எட்ட வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இப்படி ஓர் அளவுகோல் கிடையாது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் உண்டு.

தமிழ்க் குடும்பமாக இருந்தால் அந்த நான்கு பாடங்களில் ஒன்று தமிழ். வாய்மொழித் தேர்வும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் கிடைக்கும் கத்தோலிக்கப் பாடநூல்கள் அமெரிக்காவிலிருந்து வரும். தமிழ் எங்கிருந்தும் கப்பலில் வராது. வீட்டில் பேசினால்தான் வரும். இரவுச் செபமாலையைத் தமிழில் சொல்லும் வீட்டில், ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தின் தமிழ்த் திருப்பலிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் வீட்டில், தமிழ் பாடமாக வருவதற்கு முன்பே பழக்கமாக வந்துவிடுகிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தேர்வு நெருங்க நெருங்க அம்மாவின் குரல் மாறும். காலையில் கணக்குப் பாடத்தில் கடிந்துகொண்ட அதே அம்மாதான் மதியம் சோறு பரிமாற வேண்டும்; இரவு தலையைத் தடவித் தூங்க வைக்க வேண்டும். பள்ளியில் ஆசிரியர் திட்டினால் பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அழும். வீட்டில் ஆசிரியர் திட்டினால் எங்கே ஓடும்?

ஒரு புனிதையின் குழந்தைப் பருவம்

இந்தக் கேள்விக்குக் கத்தோலிக்கர்கள் தங்கள் வரலாற்றிலேயே பதில் தேடலாம். கம்போங் பாரு சாலையில் நிற்கும் புனித தெரேசா ஆலயத்தின் பாதுகாவலி, பிரான்ஸ் நாட்டு லிசியே நகரத்துத் தெரேசா. சிறுமலர் என்று தமிழ்க் கத்தோலிக்கர்கள் அன்போடு அழைக்கும் அந்தப் புனிதை 1873ஆம் ஆண்டில் பிறந்தவர். நான்கு வயதில் தாயை இழந்தார். அக்காள் பவுலினைத் தன் இரண்டாவது தாயாக ஏற்றுக்கொண்டார். படிக்கவும் மறைக்கல்வியும் சொல்லித் தந்தது அந்த அக்காள்தான்.

எட்டு வயதில் தெரேசாவைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். தன்னைவிட மூத்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தும் நன்றாகவே படித்தார். ஆனால் மூத்த மாணவி ஒருத்தியின் பொறாமைக்கு ஆளாகித் துன்பப்பட்டார். பள்ளியில் கழித்த ஆண்டுகளே தம் வாழ்வின் சோகமான ஆண்டுகள் என்று பின்னாளில் எழுதினார். அதற்கிடையில் 1882ஆம் ஆண்டில் பவுலின் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டார். அடுத்த ஆண்டு தெரேசா கடுமையாக நோயுற்றுப் படுக்கையில் விழுந்தார். இரண்டாவது தாயையும் பிரிந்த துயரத்தோடு சேர்த்தே அந்த நோயைப் பலரும் பார்க்கிறார்கள். 1886ஆம் ஆண்டில் தந்தை லூயி மார்ட்டின் மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு பெண்மணியின் வீட்டில் தனியாகப் பாடம் படிக்க ஏற்பாடு செய்தார்.

வீடா பள்ளியா என்ற விவாதத்துக்கு இதில் தீர்ப்பு இல்லை. நல்ல பள்ளியிலும், நல்ல மதிப்பெண்ணுக்கு நடுவிலும், ஒரு பிள்ளை உள்ளுக்குள் வாடக்கூடும். ஆசிரியர் போனால் வேறு ஆசிரியர் கிடைப்பார். ஆசிரியராகவும் தாயாகவும் இருந்தவர் போனால் பிள்ளைக்கு அது இரட்டை இழப்பு. அந்தத் தந்தையும் எடுத்த முடிவில் பிடிவாதமாக நிற்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவை மாற்றினார். அவரும் அவர் மனைவி செலியும் 2015ஆம் ஆண்டில் ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, பாடத்துக்கு முடிவு நேரம் வேண்டும். இங்கிலாந்தின் சார்லட் மேசன், 1923ஆம் ஆண்டில் மறைந்த கல்வியாளர். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சுருக்கமாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் முழுக் கவனமும் இருக்க வேண்டும் என்றார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனாலும் பல கத்தோலிக்கத் தாய்மார்கள் அவர் வழியைப் பின்பற்றுகிறார்கள். மணி அடித்ததும் புத்தகம் மூடப்பட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே இருப்பவர் அம்மா மட்டுமே.

இரண்டாவது, கற்பிப்பவரே எல்லாத் தாளையும் திருத்த வேண்டியதில்லை. அப்பா திருத்தலாம். வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இரண்டு சேர்ந்து, ஒருவர் கணக்கும் மற்றவர் தமிழும் பார்த்துக்கொள்ளலாம். சம்பாதிப்பதோடு தன் பங்கு முடிந்தது என்று அப்பா ஒதுங்கிக்கொண்டால், அந்த வீட்டில் முதலில் களைத்துப்போவது அம்மாதான்.

மூன்றாவது, செபத்தைத் தண்டனையாக்கக் கூடாது. "கணக்கில் நான்கு தப்பு, போய்ப் பத்து அருள் நிறைந்த மரியே சொல்" என்றால் பிள்ளை கணக்கையும் வெறுக்கும், செபத்தையும் வெறுக்கும். திருவருகைக் காலத்தில் வாரம் ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும், தவக்காலத்தில் ஓர் ஆசையை விட்டு அந்தக் காசை ஏழைக்குச் சேர்ப்பதும் பிள்ளைக்குத் தாமாகவே பாடங்கள். அவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டாம்.

நான்காவது, வீட்டுக்கு வெளியே நண்பர்கள் வேண்டும். பங்குக் கோயிலின் பீடச் சிறுவர் குழு, சமூக மன்றத்தின் பூப்பந்து வகுப்பு, அக்கம்பக்கத்து நூலகம் என்று பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளைகளோடு பழக வேண்டும். சண்டை போட்டுச் சமாதானமாகவும் கற்க வேண்டும். பெற்றோரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல, பெற்றோர் அல்லாத பெரியவர் ஒருவரும் வேண்டும். பள்ளிப் பிள்ளையின் முகவாட்டத்தை ஓர் ஆசிரியர் கவனித்துவிடக்கூடும். வீட்டுப் பிள்ளைக்கு அந்த இன்னொரு கண் தானாக அமையாது. பெற்றோர்தாம் அமைத்துத் தர வேண்டும். வீட்டுக் கல்வியைக் குறைகூறுபவர்கள் எழுப்பும் இந்த அச்சத்தில் நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

ஐந்தாவது, ஆண்டுக்கு ஒருமுறை கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கிறதா, அம்மா நலமாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், பள்ளிக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லா வீட்டுக்கும் உரியது

பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், இது தங்களுக்கில்லை என்று தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், கோவிட் கிருமித்தொற்றால் சிங்கப்பூரின் பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. சாப்பாட்டு மேசை வகுப்பறை ஆனது. அப்போது எத்தனையோ வீடுகளில் பாடத்தைவிடச் சத்தமே அதிகமாக இருந்தது. மூவறை வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரே கணினி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அலுவலகக் கூட்டம். அந்த வாரங்கள் சோதித்தது பெற்றோரின் பொறுமையை.

அந்த நாட்கள் போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை. பிள்ளை பள்ளியிலிருந்து வந்து காலுறையைக் கழற்றுவதற்கு முன்பே, "ஸ்பெல்லிங்கில் எத்தனை?" என்று கேட்கும் வீடுகள் ஏராளம். துணைப்பாட ஆசிரியரும் அதையே கேட்கிறார். தாத்தா பாட்டியும் அதையே கேட்கிறார்கள். நாள் முழுக்க ஆசிரியர்களையே சந்திக்கும் பிள்ளைக்கு வீட்டிலும் இன்னோர் ஆசிரியரா?

பெற்றோரே முதல் ஆசிரியர் என்ற சொல்லில் பெற்றோர் என்ற சொல்தான் முதலில் வருகிறது. இன்றிரவு பிள்ளை சாப்பிட உட்காரும்போது மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரமானால், காத்திருங்கள்.