பையைச் சோதிக்கும் முன் கடையைப் பாருங்கள்



தாம்பரத்திலும் ஆவடியிலும் அதிகாலை மின்சார ரயில் ஏறி, இரவு வீடு திரும்பும் தந்தையர் நாம். மகன் விழித்திருக்கும்போது அவன் முகத்தைப் பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். அவன் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே சிறு புகையிலைப் பொட்டலம் இருப்பது நமக்கு எப்படித் தெரியும்? புகை வராது. வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம்.

மெல்லும் புகையிலையைத் தமிழக அரசு 2013லேயே தடை செய்தது. பள்ளிக்கு 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலையும் விற்கக்கூடாதென்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். சிறுவனுக்குக் கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம். ஆனால் மாட்டுவது யார்? மாணவன்! அவன் கையில் மாற்றுச் சான்றிதழ். கடைக்காரரோ மறுநாளும் கடை திறக்கிறார். (நம் தெருக்காரர், மாமன் முறை வேறு, நாமும் வாய் திறப்பதில்லை.)

விரட்டப்பட்ட பையன் எங்கே போவான்? விற்றவனிடமே போவான். அங்கே அடுத்தது கஞ்சா, பிறகு வலி மாத்திரை.

மானம் போகுமென்று மறைக்காதீர்கள். 14446க்கு இலவசமாகப் பேசலாம். வழக்கு வருமென்று அஞ்சுகிறீர்களா? சிறு அளவு கஞ்சாவோடு பிடிபட்டவன்கூட, போதைக்கு அடிமையானவனாக இருந்து, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால் அவன்மீது வழக்கு நடத்த முடியாது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அது. சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது, அவ்வளவுதான்.

நாளை காலை நாலு தந்தையர் சேர்ந்து பள்ளிக்கூட வாயிலிலிருந்து 91 மீட்டர் நடந்து பாருங்கள். எத்தனை கடை, என்ன தொங்குகிறது என்று எழுதி, தலைமையாசிரியரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.